வரைபடத்தில் இல்லாத மனிதர்கள்: 'ரெயில்ரோட் டைகூன்' சொல்லும் ரயில்வே வரலாறு

1990இல் மைக்ரோப்ரோஸ் நிறுவனம் வெளியிட்ட 'ரெயில்ரோட் டைகூன்', சிட் மெயர், புரூஸ் ஷெல்லி ஆகிய இருவரின் ஆக்கம். ரயில்வே நிர்வாகத்தைக் கணினித் திரையில் நிகழ்த்திக் காட்டும் விளையாட்டு மரபு பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கிறது. அதன் வேர்களுள் ஒன்று கணினிக்கு வெளியே உள்ளது. பிரான்சிஸ் டிரெஷம் 1974இல் வெளியிட்ட '1829' என்னும் பலகை விளையாட்டு, ரயில்பாதை அமைப்பதையும் பங்குகளை வாங்கி விற்பதையும் ஒன்றாகப் பிணைத்தது. அதன் வழிவந்த '1830', 1986இல் அமெரிக்காவின் அவலான் ஹில் நிறுவனத்திலிருந்து வெளிவந்தபோது, அதன் உருவாக்கத்தில் ஷெல்லிக்குப் பங்கிருந்தது.

இந்தப் பின்னணி விளையாட்டின் வலிமையை விளக்கிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரயில் நிறுவனம் என்பது முதலில் கடன் வாங்கும் நிறுவனம், பிறகே வண்டி ஓட்டும் நிறுவனம் என்பதை ஆட்டக்காரர் சில நிமிடங்களில் உணர்ந்துவிடுகிறார். கையிருப்போ குறைவு, கடன்பத்திர வட்டியோ ஓய்வதில்லை. மரப்பாலம் மலிவு, ஆனால் வெள்ளம் அடித்துச் செல்லும். கல்பாலம் நிற்கும், ஆனால் அதற்குப் பணம் இல்லை. மூலதனம் அரிதாக இருந்த அமெரிக்காவில் மரப்பாலங்களும் கூர்வளைவுகளும் மலிந்தது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான செய்முறை விளக்கம் வகுப்பறையில் கிடைப்பது கடினம். நிலக்கரி எஃகாலைக்குச் சென்று எஃகாகி, எஃகு தொழிற்சாலைக்குச் சென்று பண்டமாகி, பண்டம் நகரை அடையும் சங்கிலியும் அவ்வாறே. பாதை வந்ததால் நகர் வளர்ந்தது என்னும் வாக்கியம் இங்கே கண்முன் நடக்கிறது.

ஆனால் நிதியைப் பற்றிய இதே பார்வை ஓரிடத்தில் தலைகீழாகிறது. விளையாட்டில் பொருளாதார நிலை வானிலையைப்போல மாறுகிறது. செழிப்பு வரும், பின்பு பீதி வரும். ஆட்டக்காரர் குடை பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். 1873இன் நிதிப் பீதி அப்படி வானத்திலிருந்து இறங்கவில்லை. நார்தர்ன் பசிபிக் பாதைக்கான கடன்பத்திரங்களை விற்க முடியாமல் ஜே குக்கின் வங்கி செப்டம்பரில் கதவடைத்தது. அளவுமீறிய பாதைக் கட்டுமானமே நெருக்கடியின் காரணங்களுள் முதன்மையானது. ரயில்வேயே விளைவித்த புயலை ரயில்வேக்கு நேர்ந்த விபத்தாக விளையாட்டு மாற்றிவிடுகிறது.

இதைவிடப் பெரிய இடைவெளி உழைப்பைப் பற்றியது. ஆட்டக்காரர் சுட்டியை இழுத்தால் பாதை நீள்கிறது, செலவுக் கணக்கில் ஒரு தொகை குறைகிறது, அவ்வளவே. சென்ட்ரல் பசிபிக் பாதையில் சியரா நெவாடா மலையைக் குடைந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். 1867 ஜூனில் அவர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, கட்டுமானப் பொறுப்பாளர் சார்லஸ் கிராக்கர் உணவு வழங்கலை நிறுத்தி அதை முறியடித்தார். பத்தாண்டு கழித்து 1877 ஜூலையில், பால்டிமோர்-ஓஹாயோ நிறுவனத்தின் கூலிக் குறைப்பை எதிர்த்து மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் தொடங்கிய வேலைநிறுத்தம் பல மாநிலங்களுக்குப் பரவியது. கூட்டரசுப் படைகள் இறக்கப்பட்டன. விளையாட்டில் பாலம் சரிவதற்கு விதி உண்டு. தொழிலாளர் வேலையை நிறுத்துவதற்கு விதி இல்லை. வெள்ளத்தை எண்ணிப்பார்த்த வடிவமைப்பு வேலைநிறுத்தத்தை எண்ணிப்பார்க்காததைக் கணினியின் நினைவகம் போதவில்லை என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட இயலாது.

நிலத்தின் கதையும் இதுதான். அமெரிக்க மேற்கு வரைபடம் விலை கொடுத்து வாங்கத்தக்க வெற்றிடமாகத் தோன்றுகிறது. உண்மையில் 1862ஆம் ஆண்டின் பசிபிக் ரயில்வே சட்டம், பழங்குடி மக்களின் உரிமையை நீக்கிவிட்டு, நிறுவனங்களுக்குப் பாதையின் இருபுறமும் நிலத்தை வாரி வழங்கியது. ஆட்டக்காரர் கனவிலும் காணாத கொடை அது!

கால அளவின் பிழை சிறியது. ஒரு வண்டி அடுத்த பெருநகரை அடைவதற்குள் நாட்காட்டியில் மாதங்கள் கழிகின்றன. 1876இல் ஒரு சிறப்பு ரயில் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரையான பயணத்தை சுமார் 83 மணி நேரத்தில் முடித்தது. விளையாட்டுக்காக இதைப் பொறுத்துக்கொள்ளலாம். தலைப்பும் ஒரு காலமுரண்தான். 'டைகூன்' ஜப்பானிய மொழியில் ஷோகனைக் குறித்த சொல். தொழிலதிபர் என்னும் பொருளில் அது பரவலானது இருபதாம் நூற்றாண்டில். வாண்டர்பில்ட் தம் வாழ்நாளில் 'கமோடோர்' என்றே அழைக்கப்பட்டார்.

1998இல் வந்த இரண்டாம் பதிப்பு ஒரு குறையைத் தீர்த்தது. தலைவரின் சொந்தப் பணமும் நிறுவனத்தின் பணமும் அதில் வேறுவேறு. நிறுவனத்தை வற்றவைத்துத் தலைவர் கொழுக்கலாம். 1872இல் வெளிப்பட்ட கிரெடி மொபிலியே ஊழலின் சாரம் இதுவே: யூனியன் பசிபிக்கை நடத்தியவர்கள் தங்கள் கட்டுமான நிறுவனத்துக்குத் தாங்களே மிகைவிலை கொடுத்துக்கொண்டார்கள்.

இதே விதிகளை இந்திய வரைபடத்தின்மேல் விரித்தால் ஆட்டம் நடக்காது. 1849 ஒப்பந்தங்களின்படி கிழக்கிந்திய ரயில்வேக்கும் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேக்கும் 5 விழுக்காடு வட்டி உத்தரவாதம் இருந்தது; நிலமும் இலவசம். பங்குதாரருக்குத் திவால் அச்சமே இல்லை. வருவாய் அந்த அளவை எட்டாத ஆண்டுகளில் பற்றாக்குறை இந்திய வரிப்பணத்திலிருந்து லண்டனுக்குச் சென்றது.