அந்தர்க் கணக்கில் வெங்காயம் போன காலம்



அரியாலைப் பக்கத் தோட்ட வீடுகளில் விதை வெங்காயம் பிடி பிடியாகக் கட்டித் தொங்குவதைக் கண்டிருப்பீர்கள். சின்ன வெங்காயத்துக்குப் பெரும்பாலும் அந்தக் குமிழேதான் விதை. பிடுங்கிய கையோடு நட்டால் சரிவராது. சில வாரங்கள் உறங்கவிட வேண்டும். நட்டால் 60, 75 நாளில் கையில் காசு.

அந்தக் காசுக்கு ஒரு வரலாறு உண்டு. 1970இல் வந்த சிறிமாவோ அரசாங்கம் வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. சனம் பாணுக்கு வரிசையில் நின்ற அதே காலத்தில்தான் யாழ்ப்பாணத் தோட்டக்காரரின் மடியில் காசு புழங்கியது. (இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்லியே பழகிவிட்டோம்.) அந்தர்க் கணக்கில் வெங்காயம் கொழும்புக்குப் போனது. 1977இல் ஜே. ஆர். ஜயவர்தன திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தார். வெளிநாட்டு வெங்காயம் வந்திறங்க, விலை விழுந்தது. இளைஞர்களின் கோபத்துக்கு மொழி, தரப்படுத்தல் என்று காரணம் படிப்பிக்கிறோம். விலைபோகாத வெங்காயத்தையும் அதில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

சோனகத் தெரு ஆட்களான எங்களில் தோட்டம் செய்தவர்கள் சொற்பம். வாங்கினோம், விற்றோம். 1990 ஒக்டோபர் 30, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். புத்தளம், கற்பிட்டிப் பக்கம் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினோம். கற்பிட்டி மணலிலும் சின்ன வெங்காயம்தான்! கடையில் தராசு பிடித்த கைகள் அங்கே நாட்கூலிக்கு வெங்காயம் நட்டன, களை பிடுங்கின. பெண்களும் போனார்கள். மூஸா நபியிடம் அவருடைய மக்கள் வெங்காயம் கேட்ட கதை பகரா அத்தியாயத்தில் உண்டு. எங்களுக்கு வெங்காயம் இருந்தது, ஊர்தான் இல்லை.

அதே நாட்களில் இங்கே அரியாலையில் யூரியாவுக்குத் தடை, மண்ணெண்ணெய் யானை விலை. தண்ணீர் இறைக்கும் மெசின் ஓடினால்தானே பயிர்?

தண்ணீர்க் கதையும் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். ஆறில்லை, கிணறுதான். நல்ல தண்ணீர் கீழே உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. துலா காலத்தில் அளவோடு இறைத்தார்கள், மெசின் வந்தபின் அளவில்லை. உரத்தின் நைத்திரேற்று இரண்டு இடத்துக் கிணறுகளிலும் இறங்கியிருக்கிறது.

துலா மிதித்தவர்கள், வெங்காயம் அந்தர் என்ன விலைக்குப் போனது என்று ஞாபகமுள்ள அப்பப்பா, அப்பம்மா, வாப்பும்மா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுக் கீழே எழுதுங்கள். பழைய சிட்டைத்துண்டு இருந்தால் படமெடுத்துப் போடுங்கள். பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.