கொழுக்கட்டைப் புல்லின் பெயர்கள்

காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களில், கிளுவை வேலிக்குள் மாடுகள் பெரும்பாலும் மேய்வது கொழுக்கட்டைப் புல்லைத்தான். மாதக்கணக்கில் வானம் பொய்த்தாலும் தூர் சாகாது. ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். பெயர் கதிரிலிருந்து வந்தது என்பதே என் எண்ணம். தடித்து உருண்டு நீண்ட அந்தக் கதிர் அப்படியே பிடிகொழுக்கட்டை. மாட்டைக் கொழுக்க வைப்பதால் வந்த பெயர் என்று சொல்லிப் பார்க்கலாம், ‘கட்டை’ இடிக்கிறது.

1771இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு ‘செங்க்ரஸ் சிலியாரிஸ்’ என்று பெயரிட்டார். முதல் சொல் கிரேக்கத்தில் சிறுதானியம் ஒன்றைக் குறிப்பது. இரண்டாவது, லத்தீனில் இமைமயிரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மேய்ப்பர்கள் கதிரின் பருமனைப் பார்த்தார்கள் என்றால், அவர் கதிரைச் சூழ்ந்த மென்முடியைப் பார்த்திருக்கிறார்.

அந்தப் பெயருக்கு ஆதாரமான உலர்மாதிரி, அவருடைய மாணவர் யோஹான் கோனிக் சேகரித்தது. 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, பிறகு ஆற்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராக இருந்தவர் அவர். ஆனால் அந்த மாதிரியின் ஊர் நன்னம்பிக்கை முனை; இந்தியாவுக்கு வரும் வழியில் அவர் கப்பல் நின்ற இடம். நம் மண்ணுக்கும் உரிய புல், தமிழ்நாட்டில் ஆண்டுக்கணக்கில் செடி தேடியவரின் கையாலேயே, ஆப்பிரிக்க முகவரியோடு நூலேறிவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமைதான்.

1827இல் லிங்க் என்ற ஜெர்மானியர் இதைப் ‘பென்னிசெட்டம்’ பேரினத்துக்கு மாற்றினார். இறகையும் முள்மயிரையும் சேர்த்த பெயர் அது. நெடுங்காலம் இரண்டு பெயர்களும் புழங்கின. 2010இல் வகைப்பாட்டாளர்கள் பென்னிசெட்டம் முழுவதையுமே செங்க்ரஸில் சேர்த்தார்கள். அந்தக் கணக்கில் நம் கம்பும் கொழுக்கட்டைப் புல்லும் இன்று ஒரே பேரினம்!

ஆகவே பழைய உலர்மாதிரித் தாள்களைத் தேடுபவர் ஒரு பெயரை மட்டும் நம்பக்கூடாது. ஊர்ப்பெயருக்கும் இது பொருந்தும். சித்தூர் மாவட்டம் பிறந்தது 1911இல். அதற்குச் சற்று முன், அம்மாவட்டத்துப் பங்காருபாளையத்தில் பறித்த செடியின் சீட்டில் மாவட்டம் ‘வட ஆற்காடு’ என்று இருக்கும்.

தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் அப்படியோர் ஊரில் இன்று இப்புல்லைச் சேகரிப்பவர், லத்தீன் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், ஆடு மாடு மேய்ப்பவர்கள் இரு மொழியிலும் சொல்லும் பெயர்களை, அவர்கள் உச்சரித்தபடியே, அதே சீட்டில் எழுதிவைக்க வேண்டும். வகைப்பாடு மாறும்போது அவற்றைத் திருத்த வேண்டியிருக்காது.