கட்டுக்குக் கீழே எவ்வளவு ஆழம்?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? தெருவில் நடந்தாலே தறியோசை கேட்கும். அந்தத் தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி மருத்துவமனைகளுக்குப் போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே உள்ள சிவகாசியில் பட்டாசு ஆலைகள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்று தீப்பற்றி 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீப்புண்ணும் அதைக் கட்டும் துணியும் அருகருகே இருக்கும் வட்டாரம் நம்முடையது.

தீப்புண்ணைக் கண்டதும் மருத்துவர் மனத்தில் எழும் கேள்வி, "எவ்வளவு ஆழம்?" என்பதே. அடித்தோலின் மேற்பகுதி மட்டும் வெந்திருந்தால், மயிர்க்கால்களைச் சுற்றிப் பிழைத்த செல்களிலிருந்து இரண்டு மூன்று வாரங்களில் புதுத்தோல் வளரும். அதற்கும் கீழே வெந்திருந்தால் தானாக ஆறுவது அரிது. உடலின் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும். இதுவும் பிளாஸ்டிக் சர்ஜரிதான்.

முன்பெல்லாம் வெந்த தோல் தானே உதிரட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அதற்குள் கிருமி புகுந்துவிடும். அந்நாளைய யூகோஸ்லாவியாவின் மாரிபோர் நகரில் பணியாற்றிய பெண் மருத்துவர் சோரா யான்ஸெகோவிச், வெந்த தோலைச் சில நாட்களுக்குள் மெல்லிய ஏடுகளாகச் சீவி நீக்கினார். உயிருள்ள சதை தென்பட்டதும் உடனே தோலை ஒட்டினார். 1970-ல் வெளியான அவரது கட்டுரை தீப்புண் சிகிச்சையையே மாற்றியது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். அவசரப்பட்டுச் சீவினால் நல்ல தோல் வீணாகும். தாமதித்தால் கிருமி தொற்றும், விரல்கள் மடங்கி இறுகும். அனுபவமிக்க மருத்துவரின் கண்மதிப்புகூட ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறைதான் சரியாகிறது. 1984-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வாளர்கள் "மனிதனா, இயந்திரமா?" என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார்கள். புண்ணிலிருந்து திரும்பும் ஒளியை அளந்து ஆழம் காண்பது அவர்கள் வழி. இதன் பௌதிகம் எளியது. இரத்தம் பச்சை ஒளியை மிகுதியாக உறிஞ்சும், சிவப்பைத் திருப்பி அனுப்பும். ஆகவே திரும்பும் நிறங்களின் விகிதம், இரத்தம் ஓடும் தோலையும் வெந்து மடிந்த தோலையும் பிரித்துக் காட்டும்.

அடுத்த படி, கணிப்பொறியையே பழக்குவது. பஞ்சாலையில் பஞ்சின் தரம் பார்ப்பவர் புத்தகம் படித்தா கற்றார்? ஆயிரம் மாதிரிகளைப் பார்த்துப் பார்த்துத்தானே! செயற்கை நுண்ணறிவும் அப்படியே கற்கிறது. ஸ்பெயினின் செவில் நகர ஆய்வாளர்கள் புண்ணின் புகைப்படத்தில் உள்ள நிறத்தையும் இழையமைப்பையும் கொண்டு ஆழத்தைக் கூறும் முறையை 2005-ல் வெளியிட்டார்கள். 62 படங்களில் 82 விழுக்காடு சரியாக வந்தது.

பார்க்காத மாதிரியைத் தரம் பிரிக்க அந்தப் பஞ்சுக்காரரால் முடியுமா? கணிப்பொறிக்கும் அதே குறை உண்டு. நம் தோலுக்குக் கருமை தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சுகிறது. வெளுத்த தோலில் பழகிய கணிப்பொறி மாநிறத் தோலில் தடுமாறக்கூடும். 2022-ல் அமெரிக்காவில் தோல்நோய்களைக் கணிக்கும் கருவிகளைச் சோதித்தபோது, கருந்தோல் படங்களில் அவற்றின் திறன் குறைந்ததைக் கண்டார்கள்.

ஆகவே சிவகாசித் தொழிலாளியின் புண்ணைச் சரியாக மதிப்பிட, நம் மருத்துவமனைகளின் படங்களே பாடமாக வேண்டும். அந்தப் படங்களும் நோயாளியின் சம்மதத்தோடு, பெயர் நீக்கி எடுக்கப்பட வேண்டும். அப்போதும் கணிப்பொறி சொல்வது யோசனைதான். கத்தியை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

அன்பர்களே, ஒன்றை மட்டும் இன்றே மனத்தில் இருத்துங்கள். தீக்காயம் பட்டால் பற்பசையும் வேண்டாம், மாவும் வேண்டாம், மையும் வேண்டாம். 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த குழாய்நீரில் காட்டுங்கள். பிறகு சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்கு விரையுங்கள். புண்ணின் ஆழத்தைக் குறைக்க உங்கள் கையிலுள்ள முதல் கருவி அந்தத் தண்ணீர்தான்.