நலமாயிருக்கும் பிள்ளைக்கு மருத்துவ ஆய்வு எதற்கு?

காய்ச்சல், இருமல், வயிற்றுவலி என்று ஏதேனும் வந்தால்தான் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நம் வழக்கம். ஓடியாடித் திரியும் பன்னிரண்டு வயதுப் பையனையோ பெண்ணையோ, நோய் ஒன்றும் இல்லாதபோது, மருத்துவர் முன் கொண்டுபோய் நிறுத்துவானேன்? "நல்லா இருக்கிற பிள்ளையை எதுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு விடை சொல்ல உலகத்திற்கு ஏறக்குறைய 250 ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், அப்படியோர் ஆய்வுக்குப் போகும் முன் நாம் செய்ய வேண்டிய ஆயத்தம் எது என்பதும் விளங்கிவிடும்.

ஒரு தந்தையின் குறிப்பு

கதை பிரான்சு நாட்டில் தொடங்குகிறது. அங்கே மோன்பெயார் என்ற பிரபு ஒருவர் இருந்தார். பூஃபோன் என்னும் புகழ்பெற்ற இயற்கை வரலாற்று அறிஞரின் நண்பர். 1759-இல் இவருக்கு ஒரு மகன் பிறந்தான். அன்று முதல் 1777 வரை, ஏறத்தாழ ஆறு மாதத்திற்கு ஒரு முறை, அந்த மகனின் உயரத்தை அளந்து அவர் எழுதி வைத்தார். பையனுக்கு நோய் எதுவும் இல்லை. மருத்துவர் யாரும் கேட்கவும் இல்லை. பூஃபோன் தம் நூலில் அந்த அளவுகளை வெளியிட்டார்.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1927-இல், ஸ்காமன் என்ற அமெரிக்க உடற்கூற்று அறிஞர் அந்தப் பழைய பிரெஞ்சு அளவுகளைச் சென்டிமீட்டராக மாற்றினார். பின்னர் டேனர் என்ற ஆங்கில மருத்துவர் அவற்றையே தம் நூல்களில் வரைபடமாக்கி உலகறியச் செய்தார். அதில் வியப்பான செய்தி ஒன்று வெளிப்பட்டது. உயரத்தை மட்டும் வரைந்தால் கோடு சீராக ஏறுவது போலத் தோன்றுகிறது. ஆண்டுக்கு எவ்வளவு வளர்ந்தான் என்ற வேகத்தை வரைந்தாலோ கதை வேறு. குழந்தைப் பருவத்தில் மிகுந்திருந்த வேகம் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது. பிறகு திடீரென்று நிமிர்ந்து, 14 வயதை ஒட்டி ஆண்டுக்குச் சுமார் 12 செ.மீ. என்ற உச்சத்தைத் தொட்டு, மீண்டும் இறங்கிவிடுகிறது. வளரிளம் பருவத்தின் 'வளர்ச்சிப் பாய்ச்சல்' என்று இன்று நாம் சொல்வது இதுதான். பெண் பிள்ளைகளுக்கு இது சுமார் 12 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் 14 வயதிலும் உச்சம் பெறுகிறது. பிள்ளைக்குப் பிள்ளை ஓரிரு ஆண்டுகள் முன்பின் ஆவதும் இயல்பே.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. பதினான்கு வயதில் அந்தப் பையனை ஒரே ஒரு முறை அளந்திருந்தால் இந்த உண்மை வெளிப்பட்டிருக்குமா? இராது. ஓர் அளவு என்பது வரைபடத்தில் ஒரு புள்ளி. இரண்டு புள்ளிகள் இருந்தால்தான் ஒரு கோடு. பல புள்ளிகள் சேர்ந்தால்தான் அதன் வளைவு. பிள்ளையின் வளர்ச்சி அந்த வளைவில்தான் இருக்கிறது.

படைக்கு ஆள் எடுத்தபோது

ஒரு தந்தை ஆர்வத்தால் செய்ததை நாடுகள் தேவையால் செய்யத் தொடங்கின. 1874-இல் பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் பள்ளிகளுக்கு மருத்துவர்கள் அமர்த்தப்பட்டனர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, 1894-இல் 50 மருத்துவர்கள் பள்ளிகளைப் பார்வையிட அனுப்பப்பட்டனர். இவர்கள் தேடியது தொற்றுநோய் கண்ட பிள்ளையை. நலமான பிள்ளையை அல்ல.

நலமாகத் தோன்றும் பிள்ளையின் பக்கம் அரசின் பார்வையைத் திருப்பியது, விந்தையாக, ஒரு போர். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, இங்கிலாந்தின் தொழில் நகரங்களிலிருந்து வந்த இளைஞர்களில் பெருந்தொகையினர் தகுதியற்றவர்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டனர். குட்டை உடல், சொத்தைப் பல், பலவீனமான இதயம், மங்கிய பார்வை! இதை ஆராய அமைத்த குழு 1904-இல் தன் அறிக்கையைத் தந்தது. பள்ளிப் பிள்ளைகளை மருத்துவ ஆய்வு செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. 1907-இல் அது சட்டமாயிற்று. இருபது வயதில் தெரியவரும் குறையை ஏழு வயதிலேயே கண்டிருக்கலாமே என்ற எண்ணம் அப்போதுதான் வேரூன்றியது.

பரோடாவும் சென்னையும்

இந்தியாவில் முதலடி எடுத்து வைத்தது பரோடா சமஸ்தானம். மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் 1906-இல் தம் நாடு முழுவதும் கட்டாயத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் எல்லாரும் ஓரிடத்தில் கூடிவிட்டால் அவர்களை ஆராய்வதும் எளிதன்றோ? 1909-இல் பரோடா நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ ஆய்வு நடந்தது. இந்தியாவின் பள்ளி நலப் பணி இதிலிருந்தே தொடங்குவதாகக் கணக்கு.

ஆயினும் அந்த விதை விரைவில் பரவவில்லை. சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-இல் அளித்த அறிக்கை, பள்ளி நலப் பணி என்று சொல்லத்தக்க ஒன்று இந்தியாவில் அநேகமாக இல்லை என்றே கூறியது. அக்குழுவில் உறுப்பினராயிருந்த ஒருவரைத் தமிழர்கள் நன்கு அறிவார்கள். அவர்தாம் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். சென்னை மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவம் கற்பித்த பேராசிரியர். 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். மருத்துவம், கல்வி என்னும் இரண்டு துறைகளையும் உள்ளிருந்து அறிந்தவர்.

அவர் தலைமையில் 1952-இல் இடைநிலைக் கல்விக் குழு அமைந்தது. எல்லா மாநிலங்களிலும் ஒழுங்கான பள்ளி மருத்துவப் பணி வேண்டும். மாணவர் அனைவரையும் ஆராய வேண்டும். குறை கண்டால் தொடர்ந்து சிகிச்சையும் தர வேண்டும் என்று அக்குழு 1953-இல் பரிந்துரைத்தது. 'தொடர்ந்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆய்வு செய்துவிட்டுக் குறிப்பைப் பீரோவில் பூட்டுவதால் பயனில்லை என்பதை அவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள். 1960-இல் ரேணுகா ராய் தலைமையில் பள்ளி நலக் குழு ஒன்றும் அமைந்து மறு ஆண்டு அறிக்கை தந்தது.

2013-இல் மத்திய அரசு 'ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்' என்னும் சிறார் நலத் திட்டத்தைத் தொடங்கியது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு உரியது இது. மருத்துவர்களும் செவிலியரும் மருந்தாளுநரும் அடங்கிய நடமாடும் குழு, அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் ஆண்டுக்கு ஒரு முறை வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

கருவிகள் சொல்வது என்ன?

இனி, மருத்துவர் மேசைமேல் உள்ள கருவிகளைப் பார்ப்போம். எல்லாம் இயற்பியல் தந்தவை.

1816-இல் பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையில் லென்னக் என்ற மருத்துவர் தாள்களைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையை நோயாளியின் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். இதய ஒலி தெளிவாகக் கேட்டது. ஸ்டெதஸ்கோப் பிறந்தது இப்படித்தான்.

1862-இல் ஹாலந்தின் ஸ்நெல்லன் கண் பரிசோதனைப் பலகையை வகுத்தார். 6 மீட்டர் தொலைவில் நின்று பார்க்கும்போது, இயல்பான கண் படிக்க வேண்டிய எழுத்து நம் கண்ணில் 5 நிமிடக் கோணத்தை அமைக்கிறது. ஒரு பாகையில் 60 நிமிடங்கள் அல்லவா? கணக்கிட்டால் அந்த எழுத்தின் உயரம் சுமார் 8.7 மி.மீ. வருகிறது. இதுவே 6/6. கிட்டப்பார்வை உள்ள பிள்ளை பெரும்பாலும் முறையிடுவதில்லை. கரும்பலகை எல்லாருக்கும் இப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று அது நினைத்துக்கொள்கிறது. முதல் கண்ணாடியைப் போட்ட பிறகுதான் வேப்ப மரத்துக்குத் தனித்தனி இலைகள் உண்டு என்பது அதற்குப் புலப்படுகிறது. நம் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பள்ளி ஆசிரியர்களுக்கே இந்தச் சோதனையைக் கற்பித்து, குறையுள்ள பிள்ளைகளைக் கண்டறியும் வழியைக் கையாண்டு வருகிறது.

1896-இல் இத்தாலியின் ரீவா-ரோச்சி, கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் அளக்கும் கருவியை அமைத்தார். 1905-இல் ரஷ்யாவின் கொரோட்காஃப், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு மேல் அழுத்தம், கீழ் அழுத்தம் இரண்டையும் காணும் முறையைச் சொன்னார். பட்டை கைக்குப் பொருந்தாமல் சிறிதாக இருந்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக ஒரு சொட்டு இரத்தம். 12 முதல் 14 வயதுள்ள பிள்ளைக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்தினருக்கும், அதே வயது ஆண்களில் 31 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை இருக்கிறது. இவர்களில் பலர் 'நலமாக' பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய்வருபவர்களே!

கோடு அறுபடும் இடம்

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில், நாகமலையின் அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் நாகமலை புதுக்கோட்டை. இங்குள்ள பிள்ளைகளில் பலர் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பள்ளியில் படித்து, ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறார்கள். சிலர் ஒன்பதாம் வகுப்பில் மீண்டும் மாறுகிறார்கள். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் இதுதான் நிலை. மாற்றுச் சான்றிதழ் பிள்ளையோடு போகிறது. மதிப்பெண் பட்டியல் போகிறது. உயரமும் எடையும் எழுதிய குறிப்போ பெரும்பாலும் பழைய பள்ளியிலேயே தங்கிவிடுகிறது.

பிள்ளை பள்ளி மாறும் வயது 11. வளர்ச்சிப் பாய்ச்சல் தொடங்கும் வயதும் ஏறத்தாழ அதுவே. கோடு எங்கே வளைகிறதோ, சரியாக அங்கே அதை நாம் அறுத்துவிடுகிறோம். 13 வயதில் 140 செ.மீ. உயரமுள்ள ஒரு பையன் மருத்துவர் முன் நிற்கிறான். ஆண்டுக்கு 5 செ.மீ. வீதம் ஒழுங்காக வளர்ந்து வந்து, சற்றுப் பிந்திப் பாயப் போகிறவனா? அல்லது ஈராண்டாக 140-லேயே நின்றுவிட்டவனா? முன்னவனுக்கு வேண்டியது பொறுமை. பின்னவனுக்கு வேண்டியது உடனடி ஆய்வு. இன்று எடுத்த அளவு இருவருக்கும் ஒன்றே. வேறுபாட்டைச் சொல்லக்கூடியது பழைய குறிப்பு மட்டும்தான்.

ஆயத்தம் எப்படி?

ஆகவே முதல் ஆயத்தம் ஒரு குறிப்பேடு. தடுப்பூசி அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள், பள்ளியில் எழுதிய அளவுகள் ஆகியவற்றைத் தேடி, தேதியோடு அதில் வரிசையாக எழுதுங்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டெட்டனஸ்–தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள்.

உயரத்தை வீட்டிலேயே அளக்கலாம். செருப்பின்றி, குதிகாலும் முதுகும் சுவரைத் தொட, பார்வை நேராக இருக்க நிற்கச் சொல்லுங்கள். உச்சியில் கொண்டை இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். கொத்தனாரின் மூலைமட்டத்தையோ ஒரு தடித்த புத்தகத்தையோ தலைமேல் செங்குத்தாகச் சுவரோடு பொருத்திக் கோடிடுங்கள். முதுகெலும்பின் இடைவட்டுகள் பகலில் அமுங்குவதால் மாலையில் உயரம் ஒரு செ.மீ. வரை குறையலாம், எனவே எப்போதும் காலையிலேயே அளப்பது நல்லது.

மாதந்தோறும் அளக்க வேண்டாம். வீட்டு அளவில் அரை செ.மீ. பிழை எளிதில் வரும். பாய்ச்சலுக்கு முந்திய வயதில் பிள்ளை ஒரு மாதத்தில் வளர்வதும் அரை செ.மீ. தான். பிழையும் வளர்ச்சியும் சம அளவில் இருந்தால் எதை எதுவென்று சொல்வது? ஆறு மாத வளர்ச்சி 2.5 செ.மீ. அளவில் இருக்கும், அப்போது அரை செ.மீ. பிழை நம்மை ஏமாற்றாது. மோன்பெயார் பிரபு தேர்ந்துகொண்ட கால இடைவெளி இன்றும் சரியாகவே இருக்கிறது.

முந்தின இரவு பிள்ளை நன்றாகத் தூங்கட்டும். இரத்தப் பரிசோதனைக்காக மருத்துவர் சொன்னாலொழியப் பட்டினி வேண்டாம். இரத்த அழுத்தம் பார்க்கும் முன் அரை மணி நேரம் காப்பி, தேநீர் தவிர்த்து, ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரச் செய்யுங்கள். கை தளர்ந்த சட்டை போதும். கண்ணாடி அணியும் பிள்ளை அதைக் கொண்டுபோக வேண்டும். நாட்டு மருந்து உள்படச் சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளியில் வாரந்தோறும் தரும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையை உண்மையில் விழுங்குகிறதா, குடற்புழு நீக்க மாத்திரை எப்போது சாப்பிட்டது என்று பிள்ளையிடம் கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். பெண் பிள்ளையாயின் பூப்பெய்திய மாதமும் கடைசி மாதவிலக்குத் தேதியும் குறிப்பில் இருக்கட்டும். குடும்பத்தில் சர்க்கரை நோய், இதய நோய் உண்டா என்பதையும் எழுதுங்கள்.

இன்னோர் ஆயத்தமும் உண்டு. என்ன செய்வார்கள், எதற்குச் செய்வார்கள் என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த வயதில் உடம்பைப் பற்றிய கூச்சம் மிகுதி. எடையைப் பத்துப் பேர் காதில் விழ உரக்கச் சொல்வது, "இன்னும் குட்டையாவே இருக்கானே" என்று ஒப்பிடுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பிள்ளை மருத்துவரிடம் கேட்க விரும்பும் கேள்வியை அதுவே எழுதட்டும். சற்று நேரம் மருத்துவரோடு தனியே பேச விரும்பினால், பெற்றோர் வெளியே காத்திருப்பதில் தவறில்லை.

பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவுக்கு ஓராண்டில் ஒரு நாள்தான் கிடைக்கும். அன்றைய அளவைத்தான் அவர்களால் எடுக்க முடியும். பள்ளி மாறினாலும் ஊர் மாறினாலும் அந்த அளவை முந்திய அளவுகளோடு சேர்த்து வைக்கக்கூடியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தாம். நாற்பது பக்க நோட்டு ஒன்றை இன்றே எடுத்து, முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதுங்கள். அடுத்த வரியை, நாளைக் காலை அளந்தபின், பிள்ளையே தன் கையால் எழுதட்டும்.