மூன்றாவது கட்டத்தில் எம்டி5

நம் நீதிமன்றத்தில் ஒரு கைபேசிப் பதிவையோ சிசிடிவி காட்சியையோ சாட்சியமாக வைக்க வேண்டுமானால், கூடவே ஒரு சான்றிதழும் வர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற இந்தியச் சாட்சியச் சட்டத்தின் அட்டவணையில் அதன் படிவம் இருக்கிறது. கோப்பின் ஹாஷ் மதிப்பை எந்த முறையில் எடுத்தீர்கள் என்று கேட்டு, கட்டங்களும் தருகிறது: எஸ்எச்ஏ1, எஸ்எச்ஏ256, எம்டி5. அந்த மூன்றாவது பெயரைப் பார்த்ததும் எனக்குக் கவலை வந்தது. அது கடந்து வந்த வழி அப்படி.

எம்டி5-ஐ 1991-இல் வடிவமைத்தவர் அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் ரொனால்ட் ரிவெஸ்ட். எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் 512 பிட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் 64 படிகளில் கலக்கிப் பிசைந்து, கடைசியில் 128 பிட் கைரேகை ஒன்றை, அதாவது ஹாஷ் மதிப்பை, தரும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் ரேகை முழுக்க மாறிவிடும். ஒரே ரேகை கொண்ட இரண்டு கோப்புகளை உண்டாக்க 2-இன் 64-ஆம் அடுக்கு அளவு கணக்குகள் வேண்டியிருக்கும் என்று ரிவெஸ்ட் 1992-இல் கணித்தார். அன்றைய கணினிகளுக்கு அது எட்டாத உயரம். இணையம் வளர வளர, எம்டி5 போகாத இடம் இல்லை.

1996-லேயே ஜெர்மானியர் ஹான்ஸ் டாபர்ட்டின் அதன் உள்கட்டமைப்பில் ஒரு விரிசலைக் காட்டினார். எச்சரிக்கை பரவியது, பயன்பாடு குறையவில்லை.

2004 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் கிரிப்டோ மாநாடு. சீனாவின் ஷாண்டோங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாங் சியாவ்யுன், ஒரே ரேகை கொண்ட இரண்டு செய்திகளோடு வந்திருந்தார். அவருடைய குழு முதலில் வெளியிட்ட விடையில் எம்டி5 கணக்கு தொடங்கும் எண்களின் பைட் வரிசை பிசகியிருந்தது. அது உண்மையான எம்டி5-க்குப் பொருந்தவில்லை. பிறர் சுட்டிக்காட்டியதும், மேடையேறுவதற்குள் சரியான விடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு பூட்டைத் திறந்தவர்கள், பூட்டு மாறிவிட்டது என்றதும் சில நாட்களில் அடுத்ததையும் திறந்தார்கள் என்றால், அவர்கள் கையில் இருந்தது வழிமுறை, அதிர்ஷ்டம் அல்ல. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்தும், இணையதளங்களின் அடையாளத்தை உறுதிசெய்யும் ஒரு சான்றிதழ் நிறுவனம் எம்டி5 கொண்டே கையெழுத்திட்டுக்கொண்டிருந்தது. ஆய்வாளர்கள் சிலர் சுமார் 200 பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிகளை இணைத்து, அந்தக் கையெழுத்தை வேறொரு சான்றிதழுக்கு மாற்றிக் காட்டினார்கள். எந்த வங்கியின் பெயரிலும் போலித் தளம் நடத்த அது போதும். 2012-இல் மேற்காசியக் கணினிகளில் சிக்கிய ஃபிளேம் என்ற வேவு நிரல், மைக்ரோசாஃப்ட் கையெழுத்தை இதே பலவீனத்தால்தான் போலியாகப் போட்டிருந்தது. முதல் எச்சரிக்கைக்கும் இதற்கும் நடுவே 16 ஆண்டுகள்!

ஆனாலும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வேறொருவர் ஏற்கெனவே எழுதி முடித்த கோப்புக்கு அதே எம்டி5 ரேகையில் மாற்றுக் கோப்பு செய்ய இன்றுவரை நடைமுறை வழி இல்லை. தரவிறக்கம் பாதியில் கெட்டதா என்று பார்க்க அது இன்றும் உதவும்.

ஆனால் நீதிமன்றத்துக்கு வருகிற கோப்பை உருவாக்கியவரே வழக்கில் ஒரு தரப்பாக இருக்கலாம். ஒரே ரேகையில் இரட்டைக் கோப்புகளை முன்கூட்டியே தயாரித்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு, பிற்பாடு மற்றதைக் காட்டி “இதுதான் நான் தந்தது” என்று அவரால் சொல்ல முடியும். எம்டி5 மட்டுமல்ல, 2017-இல் ஒரே ரேகையோடு இரண்டு பிடிஎஃப் கோப்புகள் உருவாக்கப்பட்ட எஸ்எச்ஏ1-உம் இங்கே காப்பாற்றாது. எஸ்எச்ஏ256-இல் அப்படி ஓர் இரட்டையை இதுவரை யாரும் காட்டியதில்லை. படிவம் உங்கள் கைக்கு வந்தால், அந்தக் கட்டத்தில் குறியிடுங்கள்.