கிறைஸ்லர் டர்பைன் கார்

அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் 1963–64இல் தயாரித்த, கேஸ் டர்பைன் எஞ்சினால் ஓடும் சோதனைக் கார். இவ்வகையில் உலகின் முதல் கார் பிரிட்டனின் ரோவர் நிறுவனம் 1950இல் வெளியிட்ட ‘ஜெட் 1’. எனினும், பொதுமக்களிடமே கொடுத்து விரிவாகச் சோதிக்கப்பட்டது கிறைஸ்லரின் கார்தான்.

அமைப்பு: கம்ப்ரசர் உள்ளிழுத்து அழுத்தும் காற்றில் எரிபொருள் எரிகிறது. வெப்ப வாயு முதல் டர்பைனைச் சுழற்றிக் கம்ப்ரசரை இயக்குகிறது. தனியே சுழலும் இரண்டாவது டர்பைன் சக்கரங்களுக்கு விசை தருகிறது. புகைபோக்கிக்குச் செல்லும் வெப்பத்தின் பெரும்பகுதியை, சுழலும் இரு வெப்பமீட்பிகள் உள்வரும் காற்றுக்கே திருப்பித் தந்தன. பிஸ்டனும் ரேடியேட்டரும் இல்லை. ஸ்பார்க் பிளக் ஒன்றே. திறன் 130 குதிரைசக்தி. டீசல், மண்ணெண்ணெய், தாவர எண்ணெய் என எதிலும் ஓடியது. ஈயம் கலந்த பெட்ரோல் மட்டும் எஞ்சினுள் படிவை உண்டாக்கியது.

சோதனை: இத்தாலியின் டூரின் நகரிலுள்ள கியா பட்டறை கையால் உருவாக்கிய உடற்கூடுகளில் டெட்ராய்ட்டில் எஞ்சின் பொருத்தப்பட்டது. மொத்தம் 55 கார்கள். அவற்றில் 50, தலா மூன்று மாதத்துக்கு 203 பேரிடம் இலவசமாகத் தரப்பட்டன. எரிபொருள் செலவு மட்டும் அவர்களுடையது. 1966இல் சோதனை முடிவதற்குள் இக்கார்கள் 10 லட்சம் மைலுக்கு மேல் ஓடியிருந்தன.

முடிவு: அதிர்வின்மை பாராட்டப்பட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வேகம் எடுக்காத தாமதமும், எரிபொருள் செலவும், தயாரிப்புச் செலவும் குறைகளாயின. சோதனைக்குப் பின் 46 கார்கள் அழிக்கப்பட்டன. எஞ்சிய ஒன்பதில் ஒன்று தொலைக்காட்சிக் கலைஞர் ஜே லெனோவிடம் உள்ளது.