மார்க்கிராஃப்

மார்க்கிராஃப் என்பது புனித ரோமானியப் பேரரசின் எல்லைப்புற நிலமொன்றை ஆண்டவருக்கு உரிய ஜெர்மானியப் பிரபுப் பட்டம். ‘மார்க்’ என்றால் எல்லைப்பகுதி. ‘கிராஃப்’ என்பவர் மன்னரின் பெயரால் ஒரு வட்டாரத்தை நிர்வகித்த அதிகாரி. தகுதியில் மார்க்கிராஃப், கிராஃபுக்கு மேலே, ‘ஹெர்ட்சோக்’ எனப்படும் கோமகனுக்குக் கீழே. பிரெஞ்சுக்காரர்களின் ‘மார்க்கி’ பட்டமும் எல்லைக் காவலில் பிறந்ததுதான்.

பேரரசர் சார்லமேன் காலத்தில் அவரது பேரரசு விரிந்தபோது எல்லை வட்டாரங்கள் அடிக்கடி தாக்கப்பட்டன. அரசவையிலிருந்து உத்தரவு வரும்வரை அங்கே காத்திருக்க முடியாது. அதனால் எல்லையை ஆண்டவருக்குப் படை திரட்டுவதில் மற்ற கிராஃபுகளுக்கு இல்லாத அதிகாரம் கிடைத்தது. பத்தாம் நூற்றாண்டில் மன்னர் முதலாம் ஓட்டோ, ஸ்லாவியர் வாழ்ந்த கிழக்கு நிலங்களில் இம்முறையை விரிவாக்கினார். முதலில் இது மன்னர் தந்து மன்னரே பறிக்கக்கூடிய பதவி. நாளடைவில் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் சொத்தாயிற்று.

படையும் நிலமும் ஒரே கையில் சேர்ந்ததால் சில மார்க்குகள் பெரும் அரசுகளாக வளர்ந்தன. 976இல் பாபன்பெர்க் குடும்பத்து லியோபோல்டிடம் தரப்பட்ட கிழக்கு மார்க், 1156இல் ஆஸ்திரியக் கோமகனாட்சியாக உயர்ந்தது. ‘கரடி’ என்ற அடைபெயர் கொண்ட ஆல்பிரெக்ட் 1157இல் நிலைநிறுத்திய பிராண்டன்பர்க் பின்னாளில் பிரஷ்ய அரசின் கருவாயிற்று. 1356ஆம் ஆண்டின் ‘பொன் முத்திரை ஆணை’, பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் எழுவரில் ஒருவராகப் பிராண்டன்பர்க் மார்க்கிராஃபை உறுதிசெய்தது.

எல்லையே இல்லாத மார்க்கிராஃபுகளும் இருந்தார்கள் என்பதுதான் இப்பட்டத்தின் வேடிக்கை. பாடன் ஒருபோதும் எல்லை மார்க்காக இருந்ததில்லை. அதன் ஆட்சியாளர்கள் இத்தாலியின் வெரோனா மார்க்கின் வழியாகக் குடும்பத்துக்கு வந்த பட்டத்தைத் தங்கள் ஊர்ப்பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். தென் ஜெர்மனியின் அன்ஸ்பாக், பைராய்ட் பிரபுக்களோ பிராண்டன்பர்க்கை ஆண்ட ஹோஹென்சோலர்ன் மரபினர் என்ற உரிமையில் அதைச் சூடினார்கள். 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பைராய்ட் இசைநாடக அரங்கு அவ்வூர் மார்க்கிராஃபுகள் கட்டியது. 1721இல் இசையமைப்பாளர் பாக் ஆறு இசைக்கோவைகளைக் காணிக்கையாக்கிய பிராண்டன்பர்க் மார்க்கிராஃப் கிறிஸ்டியன் லூட்விக், அந்நாட்டை ஆண்டவரே அல்லர். அரச குடும்பத்தின் இளைய கிளையினர்.

1919இல் வைமர் அரசமைப்பு பிரபுக்களின் சலுகைகளை ஒழித்தது. ஜெர்மனியில் பட்டங்கள் பெயரின் பகுதியாக மட்டும் எஞ்சின. அதே ஆண்டு ஆஸ்திரியாவோ பெயரிலும் அவற்றைத் தடைசெய்தது.